ரெண்டுல எது தம்பி?

"ஆகஸ்ட் கடைசியா, அக்டோபர் மொத வாரமா? ரெண்டுல எது தம்பி நல்லாருக்கும்?"

ராமேஸ்வரம் சுற்றிப்பார்க்க எப்போது வரலாம் என்று டூர் ஏற்பாடு செய்கிற என்னிடம் டீச்சர் கேட்டது இவ்வளவுதான். 2024 ஜூலையில் ஒரு சாயங்காலம், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மண்டபம் ஊரில் டீக்கடை வாசலில் நிற்கும்போது வந்த போன். யோசிக்கிற மாதிரி கொஞ்சம் இடைவெளி விட்டேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. உண்மையில் யோசித்தேனா என்பதுதான் தெரியவில்லை. "ஆகஸ்ட் கடைசிதாங்க மேடம்" என்றேன்.

அதற்கு ரெண்டு நாள் முன்னால் வெளிநாட்டில் இருக்கும் அவருடைய பையன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: லேட் சம்மரா, எர்லி ஆட்டமா, எது பெட்டர்? படித்துவிட்டுச் சிரித்தேன். இலையுதிர் காலத்துக்கு நம் கரையில் நான் எங்கே போவேன்? பனையும் சீமைக்கருவேலமும் நிற்கிற மண். பூவரசு மட்டும் உதிரும், அதுவும் அது நினைத்த நேரத்துக்கு.

நமக்குப் பருவம் என்றால் காற்றுதான். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்தால் புரட்டாசி வரை லேசில் விடாது. மன்னார் வளைகுடாப் பக்கத் தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும், பாக் நீரிணைப் பக்க வடகடல் குளம் மாதிரி இருக்கும். வாடை திரும்பியதும் அப்படியே தலைகீழ். நடுவில் காற்று மாறுகிற கொஞ்ச நாள் ரெண்டு கடலும் சும்மா கிடக்கும். அது எந்தத் தேதி என்று கேட்டால் கடலிலேயே பிறந்தவர்கள்கூட வானத்தைப் பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் மகாளய அமாவாசை அக்டோபர் 2. அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடம் இருக்காது, ரூம் வாடகை எகிறிவிடும், 22 தீர்த்தம் ஆடுவதற்கு விடியுமுன்னே வரிசை நிற்கும். வருகிற 13 பேரும் ரிட்டையர் ஆன ஆசிரியர்கள், பாதிப் பேருக்கு முழங்கால் வலி. யாரைக் கேட்டாலும் அந்த வாரம் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அக்டோபர் முதல் வாரத்துக்கு என் ரெண்டு வேனுக்கும் வேறொரு கோஷ்டியிடம் 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். டீச்சர் அக்டோபர் என்றால் வெளி வண்டிதான் பிடிக்க வேண்டும், அதில் எனக்கு நிற்பது டீக்காசு. இதை அவரிடம் சொல்லவில்லை. எந்தக் கடைக்காரர் சொல்வார்?

இதோடு போயிருந்தால் இதை எழுதவே மாட்டேன். போனை வைப்பதற்கு முன்னால் டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "மத்ததெல்லாம் அவங்கவங்க பிரியமுங்க. எனக்கு அந்தப் பவளப்பாறை மட்டும் பாத்துரணும். மன்னார் வளைகுடா, 21 தீவுன்னு 30 வருசம் போர்டுல வரஞ்சேன். ஒருக்காக்கூடப் பாத்ததில்லை."

"பாத்துரலாம் மேடம்."

ஆகஸ்ட் கடைசியில் தென்கடலில் பவளமா? அலை சேற்றைக் கிளப்பி விட்டிருக்கும், தண்ணீர் கலங்கலாகக் கிடக்கும். படகே ஓடினாலும் கண்ணுக்குத் தெரிவது பச்சைத் தண்ணீர்தான். புரட்டாசியிலும் தெரியும் என்று உறுதி கிடையாது. பவளம் பார்க்க வேண்டும் என்றால் மாசி. அப்போது தென்கடல் தெளிந்து கிடக்கும். 11 வருஷமாக இதே வேலையில் இருப்பவனுக்கு இது தெரியாதா? "ரெண்டும் வேண்டாம், மாசியில வாங்க" என்று சொல்ல மூச்சு ஒன்று போதும். அவர் ரெண்டில் ஒன்று கேட்டார், நானும் ரெண்டில் ஒன்று சொன்னேன். கேள்விக்குள் இல்லாத பதிலை நாமாகப் போய்ச் சொல்வது நம் வேலையா என்று அன்றைக்கு எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இப்போதும் கேட்டுக்கொள்கிறேன், பதில் நாளுக்கு ஒன்றாக வருகிறது.

"பாத்துரலாம்" இருக்கிறதே, அது ஒரு சௌகரியமான வார்த்தை. பத்திரிகை வாங்கிக்கொண்டு "வந்துடறேங்க" என்று சொல்வோமே, அந்த ஜாதி. சொன்னவனுக்குப் பொய் சொன்ன உறுத்தல் இருக்காது. கேட்டவர்தான் அதை நம்பி ரயில் ஏறுவார்.

வந்தார்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது, புதுப் பாலம் அப்போது திறக்கவில்லை. மண்டபத்திலேயே இறக்கி ரெண்டு வேனிலும் ஏற்றிக்கொண்டேன். முதல் நாள் கோயில், மூன்றாம் பிரகாரம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் அந்த 21இல் ஒன்றான குருசடைத் தீவுக்குப் படகேற குந்துகால் போனோம். விவேகானந்தர் 1897இல் வந்திறங்கிய இடம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று என் வாயிலிருந்து பேச்சைப் பிடுங்கியது. கட்டிப்போட்ட படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. டீச்சர் ஒரு கையால் முந்தானையையும் இன்னொரு கையால் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

படகு இல்லை என்று சொன்னார்கள். அது சரியான முடிவு, நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். பக்கத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த தெரிந்த அண்ணன் ஒருவர், தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார்: "கச்சான் இன்னும் விடலேல தம்பி. தெரிஞ்சுதான கூட்டியாந்தீக?"

டீச்சர் எனக்கு ரெண்டடி தள்ளித்தான் நின்றார். கேட்டிருக்கும். காற்று எங்கள் பக்கமாகத்தான் அடித்தது.

நான் "இல்லண்ணே, நேத்து நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அதுவும் பொய். முந்தின நாளும் இதே காற்றுதான்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானமே திட்டத்தை மாற்றி வடகடல் பக்கம், காரங்காட்டுக்குக் கூட்டிப்போனேன். தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழைந்ததும் 13 பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனையில் ஒரு பக்கம் பொங்குகிற கடலையும் மறுபக்கம் தூங்குகிற கடலையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க கச்சான் மாதம்தான் சரி. அக்டோபரில் வந்திருந்தால் அந்த வித்தியாசம் பாதிகூடத் தெரியாது. ஆக நான் சொன்னது தப்பில்லை என்றும் வாதாடலாம். பல ராத்திரி வாதாடியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் தனுஷ்கோடி. ரோட்டை மணல் பாதி மூடியிருந்தது. காலில் ஊசி மாதிரி குத்துகிறது என்று பலர் வண்டியை விட்டே இறங்கவில்லை. டீச்சர் இறங்கினார். 1964 டிசம்பர் புயலுக்கு மிஞ்சிய சர்ச் சுவர் பக்கம் கூட்டிப்போய், சும்மா இருக்க முடியாமல், "இது பவளக் கல்லு மேடம், அந்தக் காலத்துல இதை வெட்டித்தான் கட்டுவாங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் மணலைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு சுவருக்கு ஒரு சாண் கிட்டப் போனார். ஒரு கல்லில் தேன்கூடு மாதிரி கண் கண்ணாக ஓட்டை. அடுத்ததில் வளைந்து வளைந்து மடிப்பு. அந்த மடிப்பின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, எறும்பு போகிற வேகத்தில் கடைசி வரை ஓட்டினார். "இது மூளைப் பவளமாட்ட இருக்குதுங்க" என்றார். கூட வந்த ஒரு அம்மா கீழே கிடந்த துண்டு ஒன்றைக் கைப்பையில் போடப் பார்த்தார். வனவிலங்குச் சட்டத்தில் பவளத்தை 2001லேயே சேர்த்துவிட்டார்கள், செத்த துண்டை எடுத்தாலும் கேஸ்தான் என்று தடுத்தேன். சட்டம் பேசும்போது மட்டும் எனக்குக் குரல் கணீரென்று வரும்.

வண்டிக்குத் திரும்பும்போது டீச்சர் சொன்னார்: "பவளம் பாத்தாச்சுங்க தம்பி."

அது குத்தலா, நிஜமாகவே திருப்தியா? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் வண்டிக் கதவைத் திறக்கிறவன் மாதிரி முன்னால் போய்விட்டேன். படகுக் காசைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கி எண்ணி, அப்படியே டிரைவர் கையில் கொடுத்தார். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததும் "மிக்க நன்றி, நல்ல ஏற்பாடு" என்று எழுதியிருந்தார். அதற்குக் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன். மாசியில் வாங்க என்று எழுதி அழித்தது ரெண்டு தடவை.

அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் "என்ன பாக்கணும் உங்களுக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறேன். போன வாரம் ஒருவர் கூப்பிட்டார். பூநாரை பார்க்க வேண்டுமாம், டிசம்பர் கடைசியில்தான் லீவாம். தை, மாசிதான் அதற்கு நிச்சயம். ஆனால் டிசம்பரிலும் சில வருஷம் வந்திருக்கிறது. வண்டியும் சும்மாதான் நிற்கிறது.

"டிசம்பர்ல வந்துருக்குமா தம்பி?" என்றார்.

"வந்துருக்கும் சார்" என்றேன்.