சூட்டுலயே மாட்டணும்: பீன்யா லேப் நாட்குறிப்பு

ஜூன் 10, செவ்வாய்

மறுபடியும் போச்சு. காலைல ஃபர்னஸ் 340 டிகிரி தாண்டுற வரைக்கும் ஸ்கோப் திரைல எக்கோ, அதாவது திரும்பி வர்ற சத்தம், நல்லா நிமிந்து நின்னுச்சு, டீ வாங்கிட்டு வந்து பாக்குறேன், வெறும் கோடு. இதோட அஞ்சாவது துண்டு.

புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு தடவ சொல்லிடுறேன். கொதிக்கிற நீராவி போற பைப்போட சுவர் உள்ள எவ்வளவு தேஞ்சிருக்குன்னு, ப்ளாண்ட்ட நிறுத்தாமயே பாக்கணும். அதுக்கு பைப் மேலயே ஒரு சின்ன பீசோ கிரிஸ்டல் நிரந்தரமா ஒட்டி இருக்கணும், வோல்டேஜ் குடுத்தா அது அதிரும், சத்தம் எஃகுக்குள்ள போய் அந்தப் பக்கச் சுவர்ல பட்டுத் திரும்பும், அந்த நேரத்த வச்சு கனம் சொல்லிடலாம். எங்க டெஸ்ட் ப்ளாக் 25 மி.மீ, போய் வர எட்டரை மைக்ரோசெகண்ட்.

எல்லாரும் போடுற பிஸெட்டி பீங்கான் 350 டிகிரி பக்கத்துல தன் குணத்தயே விட்டுடும், அதுல பாதி சூடு வரைக்கும்தான் அத நம்பலாம். அதனால லித்தியம் நயோபேட், அதுக்கு அந்த எல்லை 1100க்கும் மேல. ஆக கிரிஸ்டல் தாங்கும், எஃகும் தாங்கும், நடுவுல இருக்கற ஒட்டுதான் எங்க பாடு. சூப்பர் க்ளூ 100 டிகிரிக்கே கைய விரிச்சிடும், நல்ல எபாக்ஸி 250 வரைக்கும் வரும். செராமிக் சிமெண்ட் எவ்வளவு சூடுன்னாலும் நிக்கும் ஆனா உள்ள பூரா ஓட்டை, சத்தம் கடக்காது. அதான் வெள்ளி பேஸ்ட்டுக்கு வந்தோம், 280ல பொடி ஒண்ணோட ஒண்ணு சேந்து வெள்ளியாவே ஆகிடும், அப்புறம் 961 வந்தாத்தான் உருகும். எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இது, அதான் தோத்தா இவ்வளவு வலிக்குது.

ஜூன் 11, புதன்

தர்மபுரித் தம்பி சூடான துண்ட இடுக்கியால எடுக்கறப்ப சுருக்குனு ஒரு பொறி. "அக்கா, கரண்டே குடுக்கலயே?" ன்னு முழிக்கிறான். லித்தியம் நயோபேட்ட சூடு பண்ணாலே ரெண்டு முகத்துலயும் சார்ஜ் சேரும், அது தன்னால தாவும்போது கிரிஸ்டலயே உடைச்சிடும். இனிமே ரெண்டு முகத்துலயும் இருக்கற உலோகப் பூச்ச, அதான் மேல் எலக்ட்ரோடயும் கீழ் எலக்ட்ரோடயும், மெல்லிசு கம்பியால சேத்துக் கட்டிட்டுத்தான் ஃபர்னஸ்க்குள்ள. நிமிஷத்துக்கு ரெண்டு டிகிரிக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டியாச்சு.

ஜூன் 14, சனி

கம்பி கட்டியும் உடைஞ்சுது. ஆனா இன்னிக்கு ஒரு விஷயம் கெடச்சுது. உடைஞ்ச ஆறு துண்டயும் மைக்ரோஸ்கோப் கீழ வரிசையா வச்சேன். ஆறுலயும் விரிசல் ஒரே திசை, தலைமுடி மாதிரி மெல்லிசா, கிரிஸ்டலோட அச்சுல ஒண்ணான எக்ஸ் திசைக்கு இணையா ஓடுது. எங்கயும் குறுக்க ஒண்ணு கூட இல்ல.

இந்தக் கிரிஸ்டல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விரியாது. எக்ஸ் திசைல டிகிரிக்கு மில்லியன்ல 15 பங்கு, எங்க ஸ்டெயின்லெஸ் எஃகு 17, அதனால ரெண்டும் சேந்து போகுது. ஆனா நாங்க வாங்கின, 36 டிகிரி சாய்ச்சு அறுத்த துண்டுல மத்த பக்கம் விரிவு ரொம்பக் கம்மி. 280ல ஒட்டிட்டு 400க்கு ஏத்துறப்ப எஃகு நீளுது, கிரிஸ்டல் வர மாட்டேங்குது, இழுக்குது, கிழியுது. கல்லு மாதிரிப் பொருள அமுக்கலாம், இழுக்கக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

ஓமலூருக்கு ஃபோன் பண்ணேன். அப்பாகிட்ட சும்மா புலம்பினேன், அவருக்கு கிரிஸ்டல் தெரியாது, ஆனா தாத்தா வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா கட்டுறத கூட நின்னு பாத்தவரு. "ஏங் கண்ணு, பட்டாவ சக்கரத்த விட ஒரு நூல் சின்னதாத்தான் அடிப்பாங்க, வரட்டி அடுக்கி பழுக்கக் காய வச்சு, விரிஞ்ச சூட்டுலயே மாட்டித் தண்ணி ஊத்துவாங்க, ஆறுறப்ப அது இறுக்குற இறுக்குல ஆரக்கால் அத்தனையும் கடைசி வரைக்கும் ஆடாது. நீ ஆறினப்புறம் மாட்டிட்டு சூட்டுல ஓட்டுனா லொடலொடன்னுதான் போகும்"னாரு.

அப்படியே உக்காந்துட்டேன். ஒட்டு எந்த சூட்டுல உறையுதோ அங்கதான் இழுப்பும் இல்ல அமுக்கும் இல்ல. அந்த சூடு 400க்கு மேல இருந்தா, வேலை செய்யற நேரம் பூரா எஃகு கிரிஸ்டல அமுக்கிப் புடிச்சுட்டே இருக்கும். பட்டா மாதிரியே. ராத்திரி சாப்பாடு இறங்கல, சந்தோஷத்துல.

ஜூன் 18, புதன்

பழைய பேஸ்ட் ஆகாது, ஏறுற வழிலயே 280ல இறுகிடும். கண்ணாடித் தூள் கலந்த வெள்ளி பேஸ்ட்டுக்கு மாறினோம், 500ல கண்ணாடி இளகி நனைக்கும், இறங்குறப்ப 400க்கு மேலயே கெட்டியாயிடும். எலக்ட்ரோடும் மாத்தணும், குரோமியம் மேல போட்ட தங்கம் இந்த சூட்டுல நாள்படத் தாங்காது, குரோமியம் தங்கத்துக்குள்ள ஏறி மேல வந்துடும். அதனால பிளாட்டினம். துண்டு 10 மி.மீல இருந்து 6க்கு, ஒட்டோட கனம் 20 மைக்ரானத் தாண்டாம. நாங்க அனுப்புற சத்தம் 5 மெகாஹெர்ட்ஸ், அதுக்கு வெள்ளிக்குள்ள அலைநீளமே முக்கால் மி.மீக்குக் கொஞ்சம் கம்மிதான், ஒட்டு தடிச்சா எக்கோ மொத்தமா குழம்பிடும்.

சாயங்காலம் ஏரியாவுல கரண்ட் போச்சு, நல்ல வேளை யுபிஎஸ் தாங்குச்சு.

ஜூன் 24, செவ்வாய்

மூணு துண்டு, 30க்கும் 400க்கும் நடுவுல பத்து தடவ ஏத்தி இறக்கியாச்சு. சூடு ஏற ஏற எஃகுக்குள்ள சத்தம் மெதுவாகும், எக்கோ ஸ்கோப்ல வலப்பக்கம் நகரும், ஆறினா பழைய இடத்துக்கே வரும். ரெண்டு துண்டுல உயரம் குறையாம அப்படியே வந்துச்சு. தம்பி ஃபோட்டோ எடுத்து அவங்க அம்மாவுக்கு அனுப்பினான்.

மூணாவது ஆறாம் ரவுண்டுல பாதியாச்சு. எடுத்துப் பாத்தா விரிசலே இல்ல, ஒரு மூலை மட்டும் நகம் தூக்கின மாதிரி பேஸ்ட்ட விட்டுக் கிளம்பியிருக்கு. ஆறுறப்ப வர்ற அமுக்கு மொத்தமும் மூலைலதான் சேருது. சதுரத் துண்டு வேணாம்னு சொல்லிட்டேன், வட்டமா அறுத்துத் தர ஆள் பேசியாச்சு, வியாழன் வந்துடும்.