4.5 மில்லிமீற்றர் சன்னம்: ஒரு லொட் தேர்வின் நாட்குறிப்பு

2024 ஒக்டோபர் 6, ஞாயிறு

10 மீற்றர் காற்றுத் துவக்குக்கான வருடச் சன்ன ஓடரை முடிவு செய்ய வேண்டிய மாதம். மாதிரி ரின்கள் கழகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, 0.53 கிராம். எச் அன்ட் என் ஃபினாலே மாட்ச், அதே திணிவு, தலை விட்டம் 4.49 ஒன்று, 4.50 ஒன்று. ஜேஎஸ்பி மாட்ச், 0.52 கிராம். எல்லாமே தட்டைத் தலைச் சன்னங்கள். காகித இலக்கில் விளிம்பு சுத்தமாக வெட்டுப்படுவது தட்டைத் தலையில்தான். உருண்டைத் தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், புள்ளியை அளக்க முடியாது.

வெடிமருந்து நிறைத்துத் தங்கள் தோட்டாவைத் தாங்களே கட்டுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம், சன்னத்தை எவ்வளவு ஆழத்தில் இருத்துவது என்று மாற்றிப் பார்க்கலாம், கடைசியில் குழலுக்குப் பிடித்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். 10 மீற்றர் காற்றுத் துவக்கில் அப்படி எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த வேகம், கிட்டத்தட்ட 170 மீ/செ, அதோடுதான் நாங்கள் சுடுகிறோம். எங்கள் கையில் இருப்பது தேர்வு மட்டும். அதனால்தான் தேர்வை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

பெயரைப் பார்த்து வாங்குவது தேர்வு அல்ல. ஒரே பெயர், ஒரே தலை விட்டம், ஆனால் ரின்னின் அடியில் ஒட்டியிருக்கும் லொட் இலக்கம், அதாவது தயாரிப்புத் தொகுதியின் இலக்கம், வேறு என்றால் அது வேறு சன்னம். அச்சு தேயும், ஈயக் கலவை சற்று மாறும். ஜேர்மனியில் இருப்பவர் துவக்கையும் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கே போய், லொட் லொட்டாக அடித்துப் பார்த்து வாங்கலாம். கொழும்பில் இருக்கும் எங்களுக்கு மாதிரி வரும், பிறகு அனுமதி, கப்பல், சுங்கம். ஒருமுறை தவறான லொட் வந்தால் அடுத்த ஓடர் வரும்வரை அதோடுதான் சீவியம். ஓடர் எழுதும்போது லொட் இலக்கத்தையும் எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் விற்பவரிடம் அன்றைக்கு எது இருக்கிறதோ அதுதான் வரும்.

ஒக்டோபர் 9, புதன்

இன்று சுடவில்லை. மேசை வேலை.

ரின்னைத் திறந்ததும் வெள்ளைத் தாளில் நூறு சன்னத்தைப் பரப்பி, பாவாடை விளிம்பைப் பாருங்கள். பின்பக்கத்து மெல்லிய விளிம்பைத்தான் பாவாடை என்கிறோம். நெளிந்திருந்தால் காற்று ஒரு பக்கத்தால் முந்தி வெளியேறும், சன்னம் குழல் வாயிலேயே சரிந்து புறப்படும். 500 சன்னத்தை மொத்தமாகக் கொட்டி அடைத்த ரின்னில் அடியில் கிடப்பவை நசுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். போட்டிக்குத் தனித்தனிக் குழியில் அடுக்கிய பெட்டி வாங்குவதற்குக் காரணம் அதுதான். அந்த விலை வித்தியாசம் நியாயமானது.

அடுத்தது திணிவு. 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், குளிரூட்டியின் காற்று படாத மூலையில் வையுங்கள். இல்லாவிட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். ஏன் இவ்வளவு நுணுக்கம் என்றால், கணக்கு இப்படி: சன்னம் 0.01 கிராம் கூடினால் திணிவு ஏறத்தாழ 1.9 சதவீதம் கூடுகிறது. தள்ளும் சக்தி மாறாதிருந்தால் வேகம் அதில் பாதி, 1.6 மீ/செ குறையும். 170 மீ/செ வேகத்தில் 10 மீற்றருக்குள் சன்னம் ஏறக்குறைய 17 மி.மீ. கீழே இறங்குகிறது. வேகம் 1 மீ/செ மாறினால் அந்த இறக்கம் 0.2 மி.மீ. மாறும். ஆகவே 0.01 கிராம் வித்தியாசம் இலக்கில் 0.3 மி.மீ. உயர வித்தியாசம். தசமப் புள்ளியில் 0.1 என்பது 0.25 மி.மீ. தூரம். அதாவது ஒரு படிக்கு மேல் போய்விடுகிறது.

அதற்காக ரின் முழுவதையும் நிறுத்துப் பிரிக்கத் தேவையில்லை. ஐம்பது சன்னம் நிறுத்துப் பார்த்து, பரவல் 0.01 கிராமுக்குள் நின்றால் அந்த லொட்டை அப்படியே ஏற்கலாம். அதற்கு மேல் போனால் பிரித்துத் திருத்த முயல வேண்டாம், லொட்டையே தள்ளிவிடுங்கள்.

இன்னொன்று, இது கொழும்புக்கே உரியது. ஈயத்தில் வெள்ளைப் பூச்சுப் படியும். ஈரப்பதனும் கடற்காற்றும் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பெரிய குற்றவாளி மர அலுமாரி. மரமும் மலிவான காட்போட்டும் மெதுவாக அசற்றிக் அமில ஆவியை விடும். மூடிய இடத்தில் அது ஈயத்தை அரித்து வெள்ளை ஈயக் காபனேற்றாக மாற்றிவிடும். ரின்னை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது காய வைப்பது என்று பார்த்தவுடன் தெரியும். வெள்ளை படிந்த சன்னத்தை ஊதித் துடைத்துச் சுட வேண்டாம். அந்தத் தூள் மூக்கில் போகும். இளம் சுடுநர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: சன்னத்தை வாயில் வைக்கக்கூடாது, லேனில் சாப்பிடக்கூடாது, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

சன்னத்தைக் குறை சொல்ல முதல் காற்றைப் பாருங்கள். மருந்துத் துவக்கில் மருந்துக்கு உள்ள இடம் இங்கே காற்றுக்கு. அது ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அளவாக வராவிட்டால் எந்த லொட்டையும் ஒப்பிட முடியாது.

இந்த மாதம் பின்னேரமானால் இடியும் மழையும். 30 பாகை வெப்பம், 80 சதவீத ஈரப்பதன் என்றால் ஒரு கனமீற்றர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கிறது. துவக்கில் காற்றை அடைத்து வைக்கும் உருளை 0.2 லீற்றர் என்று வைத்துக்கொண்டு 200 பார் நிரப்பினால், 40 லீற்றர் காற்றை அதற்குள் அமுக்குகிறீர்கள். அந்த 40 லீற்றரோடு ஏறக்குறைய ஒரு கிராம் நீரும் வருகிறது. 200 பாரில் அந்தச் சிறிய இடம் ஆவியாக வைத்திருக்கக்கூடியது சில மில்லிகிராம் மட்டும். மிச்சம் முழுவதும் திரவ நீர். பம்பின் நீர்ப்பொறியும் உலர்த்தியும் பிடித்ததைத் தவிர, எஞ்சியது உருளைக்குள்ளும், அங்கிருந்து அமுக்கத்தைச் சீராக்கும் ரெகுலேற்றருக்குள்ளும் போகும். கையால் அடிக்கும் பம்பை இந்த ஊரில் நான் பரிந்துரைக்காததன் காரணம் இதுதான். ரெகுலேற்றரின் வில்லு துருப்பிடிக்கும், கிறீஸ் பால்போல் வெளுக்கும், பிறகு வேகம் சூட்டுக்குச் சூடு ஏறி இறங்கும்.

சுழியோடிகளுக்குக் காற்று நிரப்பும் இடத்தில், வடிகட்டியைக் காலத்துக்குக் காலம் மாற்றுகிறார்களா என்று கேட்டுப் பெரிய சிலிண்டரை நிரப்பிக்கொள்ளுங்கள். அதிலிருந்து துவக்கு உருளைக்கு மெதுவாக விடுங்கள். வேகமாகத் திறந்தால் உருளை சூடாகி மானி 200 காட்டும், ஆறியதும் கீழே இறங்கிவிடும். ஒட்சிசன் சிலிண்டரைப் பக்கத்திலும் கொண்டுவரக்கூடாது. கிறீஸ் இருக்கும் இடத்தில் உயர் அமுக்க ஒட்சிசன் வெடிக்கும். உருளையில் அடித்திருக்கும் திகதியையும் பாருங்கள். பத்து வருடம் தாண்டியதைக் கொண்டு ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம்) போட்டியில் சுட முடியாது. கழகத்திலும் அதை நிரப்பாதீர்கள்.

வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் பத்துச் சூடு. உயர்ந்ததற்கும் குறைந்ததற்கும் இடையில் 3 மீ/செ வரை இருந்தால் தொடரலாம். துவக்கு ஓய்ந்து கிடந்த பிறகு முதல் சூடு மட்டும் வேகமாகப் போனால் ரெகுலேற்றர் கசிந்து அமுக்கம் மெல்ல ஏறுகிறது என்று அர்த்தம். அப்படியான துவக்கில் முதல் இரண்டு மூன்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். கசிவு கூடிக்கொண்டே போனால் சீல் மாற்ற அனுப்ப வேண்டியதுதான்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

குழல் சுத்தம். ஃபெல்ற் துண்டை லோட் செய்யும் பக்கத்திலிருந்து போட்டுத் தள்ளினோம். பித்தளைத் தூரிகை வேண்டாம். சுத்தம் செய்த கையோடு குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கொத்து) அளக்கக்கூடாது, குழல் மறுபடி ஈயம் பூசிக்கொள்ள இருபது சூடாவது விடுங்கள். வேறு லொட்டுக்கு மாறும்போதும் முதல் ஐந்தைப் பக்கத்து இலக்கு அட்டையில் அடித்துவிட்டுத்தான் அளக்கத் தொடங்க வேண்டும்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு முன் தொடங்கினோம். வெயில் ஏற முதல் முடிப்பது நல்லது. துவக்கை வைஸில் (மேசையில் பூட்டிய இறுக்கியில்) பிடிப்பது உடற்பகுதியில், குழலில் அல்ல. குழலைப் பிடித்தால் அழுத்தம் மாறும்போதெல்லாம் இலக்குப் புள்ளியும் நகரும். வைஸின் போல்ட் மேசையில் அசையாமல் இருக்கிறதா என்பதை, சுடாமல், டெலஸ்கோப்பில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே லோட் செய்து மூடி உறுதிப்படுத்துங்கள். லோட் செய்யும் கையின் தள்ளலே போதும், குரூப் இரண்டாகப் பிரிந்துவிடும்.

வரிசை முக்கியம். நான்கு லொட்டையும் அ, ஆ, இ, ஈ என்று பத்துப் பத்தாகச் சுட்டு, அடுத்த சுற்று ஈ, இ, ஆ, அ என்று திரும்பி வாருங்கள். மேசை சூடாவதும், உருளை அமுக்கம் இறங்குவதும் ஒரு லொட்டின் தலையில் மட்டும் விழாமல் எல்லோருக்கும் பகிரப்படும்.

ஐந்து சூட்டுக் குரூப் ஒன்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே துவக்கு, ஒரே லொட் என்றாலும் ஐந்து சூட்டுக் குரூப்பின் அகலம் சுமார் கால்வாசி கூடியும் குறைந்தும் வரும். அது இயற்கையான சிதறல். மோசமான லொட் ஒன்று நல்ல அட்டை ஒன்றைக் கொடுக்கும், அந்த அட்டையைத்தான் எல்லோரும் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுவார்கள். பத்துச் சூட்டுக் குரூப்பின் அகலம் ஐந்தினதை விட ஏறத்தாழ 25 சதவீதம் பெரிதாகவே இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பத்தோடு பத்தை, ஐந்தோடு ஐந்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

அகலத்தை விட நம்பகமானது சராசரி ஆரை. குரூப்பின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு ஓட்டையும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று எடுத்துச் சராசரி பாருங்கள். இலத்திரனியல் இலக்கு இருந்தால் ஒவ்வொரு சூட்டின் ஆள்கூறும் தானாக வரும். காகிதம் என்றால் அட்டைக்குப் பின்னால் இன்னொரு கெட்டி அட்டை வையுங்கள். இந்த ஈரத்தில் காகிதம் மென்மையாகிக் கிழியும், வேணியர் இடுக்கிமானி பொய் சொல்லும். அகலத்தையே அளப்பதாக இருந்தால் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள்.

இன்று 4.50 தலையின் அட்டையைக் கையில் வைத்துப் பார்க்கும்போது நல்லதொரு பாடம் கிடைத்தது. பக்கவாட்டில் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று, ஆனால் குரூப் நெடுக்காக நீண்டிருக்கிறது. மேல் விளிம்பில் ஒரு ஓட்டை தனியாகப் பிறைபோல் தெரிகிறது. இப்படி நெடுக்காக நீண்டால் அது தலை விட்டத்தின் குறை அல்ல, வேகத்தின் குறை: திணிவோ காற்றோ. அதே துவக்கு 4.49 இல் அப்படி நீளவில்லை என்பதால் காற்று தப்பிவிடுகிறது, சந்தேகம் 4.50 லொட்டின் திணிவில். வட்டமாகப் பரந்திருந்தால் தலை விட்டம் பொருந்தவில்லை அல்லது பாவாடை நெளிவு. இரண்டு கொத்தாக விழுந்தால் வைஸைச் சோதியுங்கள். அது சரி என்றால் ரின்னில் இரண்டு அச்சின் சன்னம் கலந்திருக்கிறது.

நவம்பர் 2, சனி

சராசரி ஆரையின்படி 4.49 முன்னே நிற்கிறது, 0.4 மி.மீ. பின்தங்கிய லொட் 0.7. இந்த 0.3 மி.மீ. இலக்கில் என்ன தரும்?

லொட்டின் சிதறலும் சுடுநரின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடும். 60 சூட்டில் 620 புள்ளி அளவில் சுடுபவரின் சொந்தச் சராசரி ஆரை 1.5 மி.மீ. என்று எடுங்கள். நல்ல லொட்டோடு சேர்ந்து 1.55, மோசமானதோடு 1.66. வித்தியாசம் 0.1 மி.மீ., சூட்டுக்கு 0.04 புள்ளி, 60 சூட்டுக்கு இரண்டரைப் புள்ளி. இறுதிச் சுற்றுக்குள் நுழையும் எட்டுப் பேருக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் இடையில் இரண்டரைப் புள்ளி பெரிய இடைவெளி.

ஆரம்ப நிலையில் இருப்பவரின் ஆரை 4 மி.மீ. என்றால் அதே வித்தியாசம் 60 சூட்டுக்கு ஒரு புள்ளியையும் தொடாது. அவருக்குக் கழகத்தின் பொது ரின் போதும். அந்தப் பணத்தை அவருக்குப் பொருத்தமான சுடும் ஜக்கெற்றில் போடுங்கள்.

துவக்குக்குத் துவக்கு முடிவு மாறும். இந்த 4.49 பக்கத்து லேனின் துவக்கில் மூன்றாவதாக வரலாம், அதற்கு வேறு சோதனை. கடைசியாக ஒரு உறுதிப்படுத்தல் பாக்கி: வைஸில் முன்னுக்கு வந்த இரண்டு லொட்டையும் சுடுநரே, எது எது என்று தெரியாமல், துவக்கைத் தாங்கியில் வைத்து இருபது இருபதாகச் சுட வேண்டும். லோட் செய்யும்போது விரலுக்கு இறுக்கமாகவோ தளர்வாகவோ உணர்ந்தால் எழுதச் சொல்லியிருக்கிறேன். வரிசை மாறாவிட்டால் 4.49 தான், லொட் இலக்கத்தோடு, போட்டிக்குக் குழியடுக்குப் பெட்டியாகவும் பயிற்சிக்கு 500 ரின்னாகவும், திங்கட்கிழமை ஓடர் போகும்.