ஏல மூதி!
திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் "ஏல மூதி, அங்க என்னல பண்ணுத?" என்று கேட்டால் பாதி நேரம் அதில் கோபமே இருக்காது. மூதேவி தேய்ந்து மூதி. 'தேவி' தேய்ந்து 'தி' ஆனதும் சூடும் பாதி போய்விட்டது. முழுசாக "மூதேவி" என்று இழுத்துச் சொன்னால்தான் நிஜமான திட்டு.

'மூ' என்பது மூன்று இல்லை. மூதூர், மூதாட்டியில் வருகிற அதே 'மூத்த'. மூத்த தேவி, அதாவது லட்சுமிக்கு அக்கா. வடமொழியில் ஜேஷ்டா என்பதும் அதேதான். குறளில் இவள் தவ்வை (167), மாமுகடி (617). முதலாவது பொறாமைக்காரனுக்கு, இரண்டாவது சோம்பேறிக்கு. விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்கினால் "மூதேவி அடையும்" என்று வீட்டில் விரட்டுவது அந்த இரண்டாவது கணக்குதான்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் கும்பிட்ட சாமி. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சிலை இருக்கிறது. பெருத்த வயிறு, காக்கைக் கொடி, ஒரு பக்கம் மாட்டுத்தலை மகன், மறுபக்கம் மகள் என்று இருந்தால் அவள்தான். பல ஊர்களில் பெயர் தெரியாமல் ஏதோ அம்மன் என்று மஞ்சள் பூசி வைத்திருப்பார்கள்.

வெறும் மூதி செல்லம். "கூறுகெட்ட மூதி" என்றால் புத்தியில்லாதவன். "சவத்த மூதி" வந்துவிட்டால் எதிராளி நிஜமாகவே கடுப்பில் இருக்கிறார். வெளியூர்க்காரர்கள் கேட்டுச் சிரிக்கலாம், திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டாம். வயதில் மூத்தவரிடம் உள்ளூர்க்காரனே சொல்ல மாட்டான்.