மந்தைவெளியில் மிருதங்கம்: சில நாட்குறிப்புகள்

2023 நவம்பர் 20, திங்கள்

மலேசியாவின் கிள்ளானில் இருந்தபடியே, சென்னையிலுள்ள என் மிருதங்க ஆசிரியரான சாரிடம் காணொளி வழியாகச் சில வருடங்கள் படித்தேன். சொல் வந்தது, கணக்கு வந்தது, நாதம் வரவில்லை. ஒலி சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்வதால் அவர் தாளம் போட நான் வாசிக்க முடியாது. ஒருவர் நிறுத்திய பிறகுதான் இன்னொருவர். இடது பக்கத் தோலான தொப்பியின் ஆழ்ந்த ஒலியையோ செயலி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். என் இடது கையை அவர் சரியாகக் கேட்டதே இல்லை.

இப்போது மந்தைவெளியில் ஒரு மாடி அறை. சார் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். முதல் வேலை வெளிநாட்டவர் பதிவு. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் பதிய வேண்டும். அப்பாவின் தாத்தா விட்டுக் கப்பலேறிய நாட்டுக்கு நான் மாணவியாக வந்திருக்கிறேன். அந்தப் படிவத்தை நிரப்பும்போது மனம் நிறைந்திருந்தது.

சார் மறுபடி த, தி, தொம், நம் என்ற அடிப்படைச் சொற்களிலிருந்து தொடங்கினார். இன்று முழுக்கத் 'தொம்' மட்டும். "அடிச்ச கையை அங்கேயே வைக்காதேம்மா. தோல் அதிர இடம் குடு."

டிசம்பர் 5, செவ்வாய்

மிக்ஜாம் புயல். நேற்று முழுவதும் மழை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் என்கிறார்கள். எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை.

ஈரக் காற்றில் தோல் தளர்ந்து, வலது பக்கத் தோலான வலந்தலையின் சுருதி நன்றாக இறங்கிவிட்டது. சார் தட்டுவதற்கான கல்லையும் மரக்கட்டையையும் கையில் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார். தோலின் விளிம்பிலுள்ள பின்னலை மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். இது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் சுற்றிலும் வார் நுழையும் 16 கண்ணும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் எதிர்ப்பக்கம் நகர்கிறது. காலை முழுவதும் அதிலேயே போனது. அவர் அவசரப்படுத்தவே இல்லை. மின்தம்புரா ஓடாததால் மாமி உள்ளே இருந்து ஆதார ஸ்வரமான ஷட்ஜம் பிடித்துக் கொடுத்தார்.

அப்புறம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாத்தியம் இல்லாமல் கொன்னக்கோல். கையில் தாளம், வாயில் சொல். எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நேரத்தில். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

டிசம்பர் 13, புதன்

மூட்டு, அதாவது வாய்த்தோல், மாற்றச் சார் என்னை மிருதங்கம் செய்பவரிடம் அனுப்பினார். மிருதங்கத்தின் உடலான கட்டை பலா மரம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்தது. வலந்தலைக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும், இழுத்துக் கட்ட எருமைத் தோல் வார். நடுவிலுள்ள கறுப்பு, சோறும் கல் பொடியும் சேர்த்துப் பிசைந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி வைக்கிறார். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் விரலால் தட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"அண்ணே, எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "கேட்டாத் தெரியும்" என்றார், வேலையிலிருந்து தலை நிமிராமல்.

பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறோம். அவருக்காக மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தின் பெயரை ஊரில் என் பழைய வகுப்பில் ஒருவரும் சொன்னதில்லை. தோலைத் தொட்டுப் பதப்படுத்தும் கைகளை ஒதுக்கிவைத்த சாதி வழக்கம்தான் இதற்குக் காரணம். கச்சேரி அறிவிப்பில் வித்வான் பெயருக்குப் பக்கத்தில் செய்தவர் பெயரும் வர வேண்டும்.

டிசம்பர் 24, ஞாயிறு

மார்கழி. காலையில் ஒரு கச்சேரி, மாலையில் ஒன்று. சார் உத்தரவு: தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்காகக் காத்திருக்காதே, பாட்டுக்கு எப்படி வாசிக்கிறார்கள் என்று கவனி.

இன்று வாசித்தவர் பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவி வரைக்கும் மிகக் கொஞ்சமாகவே வாசித்தார். பாடகி மேல் ஸ்தாயிக்குப் போனபோதுதான் கை நிறைந்தது. குளிரூட்டிய அரங்கில் தோல் காய்ந்து சுருதி ஏறும் போலிருக்கிறது. பாட்டுகளுக்கு நடுவே கல்லை எடுத்துக்கொண்டே இருந்தார். தனி தொடங்கியதும் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்தார்கள். எனக்கு மனது வலித்தது. அந்த நிமிடங்களுக்குப் பின்னால் எத்தனை வருடம் இருக்கிறது!

2024 ஜனவரி 11, வியாழன்

இன்றைய பாடத்தை எழுதி வைக்கிறேன். 'ததிங்கிணதொம்' என்ற சொல் 5 மாத்திரை, அதாவது 5 எண்ணிக்கை. இரண்டு முறை சொன்னால் 10. அதை மூன்று தடவை, நடுவில் 1 மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, விட்டு வாசித்தால் 30 + 2 = 32. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்கு 4 மாத்திரை வீதம் சரியாக ஓர் ஆவர்த்தனம், ஒரு முழுச் சுற்று. சுற்றின் தொடக்கமான சமத்தில் தொடங்கினால் சமத்தில் வந்து விழும்.

பாட்டு அரை இடம், அதாவது 2 மாத்திரை, தள்ளி எடுத்தால்? சொல் எதையும் மாற்ற வேண்டாம். கார்வையை 2 ஆக்கு. 30 + 4 = 34. பாடகர் எடுக்கும் இடத்தில் போய் நிற்கும்.

நான் வாசிக்காத இடத்தை நீட்டியதில் கணக்கே மாறிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விரலில் எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். அண்ணன் மலேசியாவின் பத்துமலையிலிருந்து காணொளி அனுப்பினான்: காவடிக்கு முன்னால் உறுமி மேளம். நான் முதலில் கேட்டு வளர்ந்த தோல் வாத்தியம் அதுதான். சாரிடம் காட்டினேன். வளைந்த குச்சியால் தோலை உரசி எழுப்பும் அந்த முழக்கத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு தொப்பியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்திக் கும்கி என்னும் குழையும் ஒலியை வாசித்தார். "உனக்கு இது காதிலேயே இருக்கு. அதை ஏன் விட்டுட்டு வந்தே? கொண்டு வா."

உறுமியைக் கோயில் வாசலுக்கு வெளியே உள்ள சத்தம் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. சாரைப் போன்ற ஒருவர் அதை இப்படிக் கேட்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜனவரி 30, செவ்வாய்

திருவையாறு, தியாகராஜர் ஆராதனை. காவிரிக் கரையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் அவருடைய பஞ்சரத்தினம் என்னும் ஐந்து கிருதிகளும், எல்லாம் ஆதி தாளம். இத்தனை மிருதங்கங்களை ஒரே பந்தலில் நான் பார்த்ததில்லை. தூக்கமில்லாத பயணம், நல்ல காபி. வேறு எழுதத் தெம்பில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று சாரின் உறவுக்காரப் பெண் பாட, நான் ஒரு கிருதிக்கு வாசித்தேன். தொப்பியில் ஒலி ஆழத்துக்காக ஒட்டும் ரவை கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று மாமியே கண்டுபிடித்துச் சொன்னார். கொஞ்சம் வழித்துவிட்டுத் தொடங்கினோம். சரணத்தில் அவள் கீழ் ஸ்தாயியில் நின்றபோது வலது கையை நிறுத்திவிட்டுத் தொப்பியை மட்டும் மெல்லப் போட்டேன். யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல, அப்படித்தான் தோன்றியது. சார் தாளம் போட்டபடியே தலையசைத்தார்.

முடிந்ததும் வேறொன்றும் பேசவில்லை. திங்களிலிருந்து 7 எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளம். அதற்கு முன் 7-ஐ 3, 4 என்று பிரித்து, நடக்கும்போதெல்லாம் தட்டிப் பழகச் சொல்லியிருக்கிறார்.