புழுக்கத்துல புது வேலை

காலைல குழித்துறைல ட்ரெயின் ஏறும்போதே சட்டை முதுகோட ஒட்டிக்கிது, திருவனந்தபுரத்துல எறங்குறதுக்குள்ள முழுசா நனைஞ்சிருது. வேலைக்கு சேர்ந்து மூணு வாரம் ஆச்சு, அக்கவுண்ட்ஸ் செக்ஷன், அதுவும் மார்ச்ல, 31ம் தேதிக்குள்ள வருஷக் கணக்க முடிக்கணும்னு எல்லாரும் பறக்குற நேரம், யார்கிட்ட போய் சந்தேகம் கேக்கன்னே தெரியாம முதல் வாரம் ராத்திரி தூக்கமே இல்ல. மலையாளம் பேசுனா நல்லா புரியும், ஆனா ஃபைல்ல எழுதியிருக்கத வாசிக்கத்தான் நேரம் எடுக்குது.

மதுரைல படிச்சப்ப இதவிட வெயில் பாத்திருக்கேன். அங்க வேர்வை காஞ்சிரும், ஒடம்பு கொஞ்சம் ஆறும். இங்க காத்துலயே ஈரம் நெறஞ்சு கெடக்கு, வேர்வை காயவே மாட்டேங்குது, அதான் 34 டிகிரியே தாங்க முடியல. வேர்வையோட உப்பும் போயிருதுல்ல, அதனால அம்மா காலைல பழங்கஞ்சில மோரும் உப்பும் சின்ன உள்ளியும் போட்டு தாறாங்க, மத்தியானம் இஞ்சியும் காந்தாரி மொளகும் தட்டிப்போட்ட சம்பாரம்ங்கிற மோரு, ஞாயித்துக்கெழம அக்கானி, அதான் பதநீர். பேக்ல மாத்து சட்டை ஒண்ணு எப்பவும் உண்டு.

கேரளால கோடைல மத்தியானம் 12லேருந்து 3 வரை வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு தொழிலாளர் துறை உத்தரவு போடுவாங்க. நம்ம பக்கத்து கொத்தனார்களுக்கும் அது கண்டிப்பா வேணும்.

நேத்து பக்கத்து சீட் சேச்சி அவங்க ட்ரெயின விட்டுட்டு உக்காந்து பேங்க் ரீகன்சிலியேஷன், அதான் நம்ம கணக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துப்போகுதான்னு சரிபாக்குறது, முழுசும் சொல்லித் தந்தாங்க. இன்னைக்கு நானே தனியா செஞ்சேன், டேலி ஆயிருச்சு.