தீயணைப்புப் படையே தீ வைக்கும் நாள்

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் வடமேற்கில், ஒஸ்னாப்ரூக் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே ஈஸ்டர் முட்டையும் முயலும் குழந்தைகளுக்குத்தான், பெரியவர்கள் காத்திருப்பது ஓஸ்டர்ஃபாயருக்கு, அதாவது ஈஸ்டர் தீக்கு. பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை இருட்டும் நேரத்தில், ஊருக்கு வெளியே வயலில் குவித்த கிளைகளுக்கும் சுள்ளிகளுக்கும் தீ வைப்பார்கள், ஊரே சுற்றி நிற்கும். சில ஊர்களில் ஞாயிறு இரவு.

நாங்கள் வந்தது 2019 கடைசியில். அடுத்த ஈஸ்டரில் கொரோனா, அதனால் தீயும் இல்லை, முகம் தெரிந்த மனிதர்களும் இல்லை. அப்புறம் பல மாதங்கள் அக்கம்பக்கத்தில் "ஹலோ"வைத் தாண்டி பேச்சு நகரவில்லை. அதை மாற்றியது மொழி வகுப்பு அல்ல, மரக்கிளைதான்.

மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலிச்செடிகளை ஒட்ட வெட்டுவதற்கு இங்கே சட்டப்படி தடை, பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால். ஆகவே பிப்ரவரியிலேயே எல்லாத் தோட்டங்களிலும் ரம்பச் சத்தம் கேட்கும், வெட்டியது மூலையில் குவிந்து கிடக்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருநாள் எங்கள் வேலியை எட்டிப் பார்த்து, "இதையெல்லாம் என்ன செய்யப்போகிறீர்கள்? சனிக்கிழமை காலை கையுறையோடு வாருங்கள், என் டிரெய்லரில் ஏற்றிவிடலாம்" என்றார். அவ்வளவுதான், அழைப்பிதழ் கிடைத்துவிட்டது.

நம்மவர்கள் கேட்டதும் "ஓ, போகியா!" என்பார்கள். பழைய பாய், உடைந்த நாற்காலி என்று எதையாவது தூக்கிக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயின்ட் அடித்த பலகை, டயர், பிளாஸ்டிக் எதுவும் கூடாது, வெறும் மரமும் செடியும்தான். கொண்டுவருவதை ஒருவர் நின்று கிளறிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது தீ வைப்பதற்கு முன்னால் நடக்கும் வேலை. நாள்கணக்கில் கிடந்த குவியலுக்குள் முள்ளெலியும் சின்னப் பறவைகளும் குடியேறியிருக்கும் என்பதால், கொளுத்துமுன் முழுக் குவியலையும் பிரித்து இடம் மாற்றி அடுக்க வேண்டும். விவசாயிகள் டிராக்டரோடு வருவார்கள், நாங்கள் கையால் இழுப்போம், முள்ளெலி ஓடிவருமா என்று பிள்ளைகள் வாய் பிளந்து காத்திருப்பார்கள். முதுகு ஒடிகிற வேலை, ஆனால் அந்தக் காலைப்பொழுதில்தான் ரொட்டிக்கடைக்காரர் யார், தீயணைப்புப் படையில் இருக்கும் ஆசிரியை யார் என்றெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது. சாயங்காலம் தீ மூட்டுபவர்களும் அந்தப் படையினர்தான்! சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். தண்ணீர் வண்டியை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, மறுபக்கம் பியரும் பிராட்வுர்ஸ்ட் என்ற இறைச்சி சாசேஜும் விற்கிறார்கள். பிள்ளைகள் நீளக் குச்சியில் மாவைச் சுற்றித் தணலில் சுட்டுத் தின்கிறார்கள், வெளியே கருகி உள்ளே வேகாமல் இருக்கும், இருந்தும் அதற்கு அடிதடி.

கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழக்கம், குளிர்காலத்தை விரட்டுவது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். கத்தோலிக்கத் தேவாலயத்தில் அதே இரவு வாசலில் மூட்டும் தீயிலிருந்து ஈஸ்டர் மெழுகுவர்த்தியை ஏற்றுவது தனிச் சடங்கு. வயலில் நான் பார்த்த வரை பிரார்த்தனையும் இல்லை, பேயோட்டலும் இல்லை, சந்தோஷமாக நின்று வம்பு பேசுகிறார்கள்.

பிரமாண்டம் வேண்டுமென்றால் லியூக்டே ஊருக்குப் போக வேண்டும். அங்கே ஈஸ்டர் ஞாயிறு இரவு வைக்கோல் திணித்த 6 ஓக் மரச் சக்கரங்களைக் கொளுத்தி மலைச்சரிவில் உருட்டிவிடுகிறார்கள். ஹம்பர்க்கின் பிளாங்கனேஸெயில் எல்பே ஆற்றங்கரையிலேயே எரிக்கிறார்கள். இரண்டையும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

முதல்முறை போகிறவர்களுக்கு: ஈஸ்டர் பௌர்ணமிக் கணக்கில் நகர்வதால் 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. மார்ச்சில் வந்தால் முகம் வெந்து முதுகு விறைக்கும். பொறி பறந்து ஓட்டை விழும், நல்ல ஜாக்கெட்டை வீட்டில் வையுங்கள். பிராட்வுர்ஸ்ட் பெரும்பாலும் பன்றி இறைச்சி, சைவக்காரர்கள் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் கார்டு வாங்க மாட்டார்கள்.