மணியின் கால் வளையம்

பதிவு செய்ய 2024 ஆகஸ்ட் 28 கடைசி நாள் என்று பறவை வளர்க்கும் நண்பர் போனில் சொன்னபோது, கைவசம் பத்து நாள்தான் இருந்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினத்தை வீட்டில் வைத்திருப்பவர்கள் ‘பரிவேஷ் 2.0’ தளத்தில் பதிய வேண்டும் என்று பிப்ரவரியிலேயே மத்திய அரசு விதி போட்டிருந்தது. எங்கள் மணி, ஆஃப்ரிகன் கிரே என்ற சாம்பல் நிறக் கிளி. 2017 ஜனவரியிலிருந்து அந்த இனம் சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடித்ததை வியாபாரத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோகவே கூடாது.

கணக்குத் தொடங்குவது, முகவரி எழுதுவதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. எங்கிருந்து வாங்கினீர்கள், அடையாளம் என்ன என்ற இடத்தில் நின்றுவிட்டேன். 2019இல் வாங்கியபோது கடைக்காரர் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. தொகை, தேதி, அவ்வளவுதான்.

காலில் வளையம் இருந்தது. வேர்க்கடலையைக் கொடுத்து மணியை மடியில் உட்காரவைத்து, போன் வெளிச்சத்தில் எண்ணைப் படித்தேன். பாதி தேய்ந்திருந்தது. கால்நடை மருத்துவர் வேறொன்றைப் பார்க்கச் சொன்னார்: வளையத்தில் இணைப்பு இருக்கிறதா? குஞ்சாக இருக்கும்போது மாட்டுவது இணைப்பில்லாத முழு வளையம். பாதம் வளர்ந்த பிறகு அது ஏறாது. இணைப்புள்ளதை எந்த வயதுப் பறவைக்கும் நெருக்கி மாட்டிவிடலாம். நகத்தால் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் நகம் தட்டியது.

அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. காமரூன், காங்கோ காடுகளில் பழக்கிய கிளியைக் கூவவிட்டு, கிளைகளில் பசை தடவி இந்தக் கிளிகளைப் பிடிப்பார்கள். சிறகெல்லாம் பசையோடு சிக்கியவற்றில் நிறைய, கப்பல் விமானம் ஏறும் முன்பே செத்துப்போகும். மணி அப்படி வந்ததா, இங்கேயே கூண்டில் பொரித்ததா? அந்த இணைப்பை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. வாங்கும் அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

துண்டுச் சீட்டையும் வளையத்தின் படத்தையும் அப்படியே ஏற்றினேன். தேய்ந்த எண்ணை ஊகித்து நிரப்பவில்லை. படிக்க முடிந்ததை மட்டும் எழுதினேன். அப்புறம் சான்றிதழ் வந்தது.

போன மாதம் ஒருவர், மணிக்கு ஜோடி இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். வளையத்தின் படமும் பதிவுச் சான்றும் அனுப்பச் சொன்னேன். இன்னும் அனுப்பவில்லை.